புள்ளின் பெயர் பூண்ட பொறிகள்

பல்சா என்னும் இலேசான மரத்திலிருந்து சீவியெடுத்த மெல்லிய சலாகைகள், அவற்றின்மீது இழுத்து ஒட்டிய மென்தாள், முறுக்கிய றப்பர் நாடா, மரத்தாற் செதுக்கிய சிறு சுழல்விசிறி: இவ்வளவே ஒரு மாதிரி விமானத்தின் உறுப்புக்கள். பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு இதனை ஆக்கி முடித்த சிறுவன் இறுதியாகத் தூரிகையைக் கையில் எடுக்கின்றான். சிறகின்மீது ஒரு பெயர் எழுதவேண்டும். அப்பெயர் எந்நாட்டிலும் பெரும்பாலும் ஒரு பறவையின் பெயராகவே அமைந்துவிடுகின்றது. பருந்து என்கின்றான் ஒருவன். கழுகு என்கின்றான் மற்றொருவன். தகைவிலான் என்கின்றான் வேறொருவன். மெய்யான விமானங்களுள்ளும் இப்பெயர்களைத் தாங்கியவை பல இருந்தமையால், சிறுவன் தன் பொறிக்கு இடும் பெயர் பழையதொரு விமானத்தின் பெயராகவும் ஆகிவிடுகின்றது.

இது வெறும் அலங்காரம் என்று கருதுவோர் உளர். பறப்பது பறவை, ஆகவே பறக்கும் பொறிக்குப் பறவையின் பெயரை இட்டனர், இதில் ஆராய்வதற்கு யாது உண்டு என்பர் அவர். ஆயினும் விமான வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலப்படும். பறவையின் பெயரை ஒரு பொறிக்கு இடுவது ஒரு வாக்குக் கொடுப்பதை ஒக்கும். இப்பொறி இப்பறவையைப் போல இயங்கும் என்பதே அவ்வாக்கு. அது சிலவிடத்து நிறைவேறியது, சிலவிடத்துப் பொய்த்தது, சிலவிடத்து மாந்தரின் உயிரையே விலையாகக் கொண்டது. இப்பெயர்களின் கதை, பறக்க முயன்ற மனிதனின் கதையேயாகும்.

முதற்கண் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இலத்தீன் மொழியிற் பறவைக்கு ஆவிஸ் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் விமானத்தைக் குறிக்கும் ஆவியோன் என்னும் சொல்லும், ஆங்கிலத்தில் விமானக்கலையைக் குறிக்கும் ஏவியேஷன் என்னும் சொல்லும் அவ்வேரிற் பிறந்தவையே. கிளெமென் ஆடேர் என்னும் பிரெஞ்சு எஞ்சினியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாம் அமைத்த நீராவிப் பொறிக்கு ஆவியோன் என்று பெயரிட்டார். வியப்பு யாதெனில், அவர் பொறியின் சிறகுகள் பறவையின் சிறகை ஒத்தனவல்ல. வௌவாலின் சிறகையே ஒத்திருந்தன. பெயர் ஒருபுறமும் உருவம் மற்றொருபுறமுமாக நிற்றல் அன்றே தொடங்கிவிட்டது.

பறக்கும் பொறியைப் பறவையாகவே கற்பனை செய்யும் வழக்கம் தமிழுக்கும் புதியதன்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்விக்கின்றான். அதனை இயக்கவும் அவளைப் பழக்குகின்றான். கட்டியங்காரனின் வஞ்சனையால் அரசு அழியும் வேளையிற் கருவுற்றிருந்த அரசி அம்மயிற்பொறியில் ஏறித் தப்புகின்றாள். பொறி சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கின்றான். காப்பியப் புலவர் பொறிக்கு வெறும் ஊர்தி என்று பெயரிட்டு நின்றுவிடவில்லை. மயில் என்ற ஒரு சொல்லால் அதன் வடிவையும் அழகையும் அசைவையும் ஒருங்கே காட்டிவிட்டார். பறவைப் பெயரின் பயன் அதுவே.

இனி, மெய்யாகவே செய்யப்பட்ட பொறிகளுக்கு வருவோம். பிரான்சின் பிரித்தானிக் கரையைச் சேர்ந்த கப்பற்றலைவர் ஜான் மரி லெ பிரி என்பவர், தென்கடல்களில் அல்பற்றோஸ் என்னும் பெரும் பறவை சிறகை அசைக்காமலே காற்றில் மிதந்து செல்வதைப் பலகாலும் கண்டவர். 1856ஆம் ஆண்டில் அப்பறவையின் வடிவிலே நீண்ட ஒடுங்கிய சிறகுகளோடு ஒரு பொறியை ஆக்கினார். கடற்கரை மணலில் ஒரு குதிரை இழுத்தோட, எதிர்காற்றில் அப்பொறி மேலெழுந்தது என்பர். அதற்கு அவர் இட்ட பெயரும் பறவையின் பெயரே. இங்கே பெயர், ஆசிரியருக்கு மாணவன் செலுத்திய வணக்கம் போன்றது. எப்பறவையிடம் கற்றாரோ அப்பறவையின் பெயரை இட்டார்.

அவருக்குப் பின் ஜேர்மனியில் ஒட்டோ லிலியந்தால் தோன்றினார். இளமையில் தம்பி குஸ்தாவுடன் நாரைகள் மேலெழும் முறையைக் கூர்ந்து நோக்கியவர் அவர். நாரை காற்றை எதிர்த்து ஓடியே எழுகின்றது என்பதையும், அதன் சிறகு தட்டையாக அன்றி வளைந்திருக்கின்றது என்பதையும் கண்டு, அவ்வளைவு தரும் தூக்குவிசையை அளந்து, 1889இல் பறவைகளின் பறப்பே மனிதப் பறப்புக்கு அடிப்படை என விளக்கும் நூலை வெளியிட்டார். 1891 முதல் குன்றுகளிலிருந்து மிதவை விமானங்களிற் பாய்ந்து ஏறத்தாழ 2000 தடவை பறந்தார். 1896 ஓகஸ்ட் 9ஆம் நாள் வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து, மறுநாள் உயிர் நீத்தார்.

லிலியந்தாலை நேரிற் கண்டு பயின்றவருள் ஒருவர் பேர்சி பில்ச்சர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராய் இருந்த அவர், 1895 முதல் நான்கு மிதவை விமானங்களை அமைத்தார். அவற்றின் பெயர்களை முறையே நோக்கினால் ஒரு மனிதனின் நம்பிக்கை வளர்ந்தவாறு தெரியும். முதலாவது வௌவால், இரண்டாவது வண்டு, மூன்றாவது கடற்காகம், நான்காவது பருந்து. வௌவாலிலும் வண்டிலும் தொடங்கியவர், தாம் வேண்டிய பறப்புக் கைகூடும் என்று தோன்றிய பின்னரே பருந்தின் பெயரைத் துணிந்து இட்டார். அப்பெயருக்கு ஏற்ப 1897இல் அப்பொறி அவரை இருநூறு யாருக்கும் மேலாகச் சுமந்து சென்றது.

1899 செப்ரெம்பர் 30ஆம் நாள், தாம் புதிதாக அமைத்த எஞ்சின் பூட்டிய விமானத்தை ஆதரவாளர் முன்னிலையில் இயக்கிக் காட்ட அவர் எண்ணியிருந்தார். எஞ்சினின் அச்சு முறிந்திருந்தது. வானமோ மழையும் காற்றுமாக இருந்தது. வந்தோரை வெறுங்கையுடன் அனுப்ப மனமின்றிப் பருந்திலேயே ஏறினார். நடுவானில் வாற்பகுதி முறிந்து பொறி வீழ்ந்தது. இரண்டு நாள்களின் பின் அவர் இறந்தார். அப்பருந்து செம்மை செய்யப்பட்டு இன்றும் ஸ்கொத்லாந்திற் காக்கப்படுகின்றது. மாதிரி விமானத்துக்குப் பருந்து என்று பெயரிடும் சிறுவன், தான் அறிந்தோ அறியாமலோ, பில்ச்சரின் பெயரையும் உடன் எழுதுகின்றான்.

மாதிரி விமானங்களின் வரலாறு பெரிய விமானங்களின் வரலாற்றினும் முந்தியது என்பது பலர் அறியாத செய்தி. 1871 ஓகஸ்ட் 18ஆம் நாள் பரிஸ் நகரின் துயிலெரிப் பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர், முறுக்கிய றப்பரால் இயங்கும் சிறு விமானமொன்றைப் பறக்கவிட்டார். அது 11 செக்கன்களில் ஏறத்தாழ 40 மீற்றர் தூரம் தானே நிலைகுலையாமற் பறந்தது. வாற்சிறகைச் சிறு கோணத்திற் சாய்த்து வைத்தால் விமானம் தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும் என்பதை அவர் அதனாற் காட்டினார். இன்றும் றப்பர் முறுக்கிப் பறக்கும் ஒவ்வொரு மாதிரியும் அவர் காட்டிய வழியிலேயே செல்கின்றது.

பெனோவின் முறையில் அமைந்த ஒரு விளையாட்டுப் பொறியையே, செங்குத்தாக மேலெழும் வகையை, 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் மைந்தர் இருவருக்கும் வாங்கி வந்தார். அம்மைந்தரே பின்னாளில் புகழ்பெற்ற வில்பர் றைற், ஓர்வில் றைற் சகோதரர். அறிஞர் அதற்கு வழங்கிய நீண்ட பெயரைப் புறக்கணித்து, அச்சிறுவர் அதனை வௌவால் என்றே அழைத்தனர் என்று பிற்காலத்தில் அவர்களே எழுதியிருக்கின்றனர். முகட்டை நோக்கிப் படபடத்து எழுந்து, முட்டி, தரையில் வீழ்ந்த அப்பொறிக்கு அதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. அவர்கள் பொறியை முதலிற் பறக்கக் கண்டனர். கண்ட பின்னரே பெயரிட்டனர். இச்சிறு செய்தியை மனத்திற் கொள்க. இறுதியில் அது பயன்படும்.

இங்கிலாந்தின் எலியட் வேர்டன் றோ என்பாரும் மாதிரியிலிருந்தே தொடங்கியவர். கப்பலில் எஞ்சினியராய்ப் பணிபுரிந்த காலத்தில் அல்பற்றோஸ் பறவைகள் கப்பலைத் தொடர்ந்து மிதந்து வருவதைக் கண்டு, அவற்றைப் போன்ற மாதிரிகளை ஆக்கலானார். 1907இல் இலண்டனில் நடந்த மாதிரி விமானப் போட்டியில் முதலிடம் பெற்றார். அவர் நிறுவிய அவ்றோ கம்பனி 1926இல் ஒரு சிறு விமானத்தை வெளியிட்டபோது அதற்கு ஏவியன், அதாவது பறவையைச் சார்ந்தது, என்று பெயர் வைத்தது. அதனில் ஏறியே பேட் ஹிங்கிளர் 1928 பெப்ரவரி 7ஆம் நாள் இங்கிலாந்தை விட்டுத் தனியாகப் புறப்பட்டு, 22ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார்.

பெயரும் பொருளும் முரண்பட்டு நின்றதற்குப் பெருஞ்சான்று புறாவின் கதையாகும். ஒஸ்திரிய நாட்டவரான இகோ எட்ரிச் 1910ஆம் ஆண்டளவில் ஒரு விமானத்தை அமைத்தார். பின்னோக்கி வளைந்த சிறகும் விசிறி போன்ற வாலும் கொண்ட அது, கீழிருந்து நோக்குவார்க்குப் புறாவாகவே தோன்றியது. ஜேர்மன் மொழியிற் புறாவைக் குறிக்கும் தௌபெ என்னும் சொல்லே அதன் பெயராயிற்று. ஆனால் அச்சிறகின் வடிவம் எந்தப் புறாவிடமிருந்தும் பெறப்பட்டதன்று. தென்கிழக்காசியக் காடுகளிற் படரும் சனோனியா என்னும் கொடியின் விதை, மெல்லிய இரு சிறகுகளோடு காற்றில் நெடுந்தூரம் மிதந்து செல்லவல்லது. அவ்விதையைப் பார்த்தே எட்ரிச் தம் சிறகை வரைந்தார். விதையிடம் கற்றுப் பறவையின் பெயரைப் பெற்றது அவ்விமானம்.

அதனினும் பெரிய முரண் பின்னர் நிகழ்ந்தது. 1911இல் இத்தாலி லிபியாவின்மீது போர் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் யூலியோ கவோத்தி என்னும் இத்தாலிய விமானி, திரிப்போலி நகரின் அயலிலுள்ள ஐன் சாரா, தஜூரா என்னும் இடங்களின்மீது நான்கு சிறு குண்டுகளைத் தம் கையாலே எடுத்து வீசினார். போரில் விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது அதுவே முதன்முறை. அன்று அவர் ஏறிச்சென்ற விமானம் தௌபெ, அதாவது புறா. நோவாவின் பேழைக்கு ஒலிவ இலையைக் கொண்டுவந்த பறவையின் பெயர், வானிலிருந்து வீழ்ந்த முதற் குண்டோடு பிணைந்துவிட்டது. 1914 ஓகஸ்டிற் பரிஸ் மக்களும் அப்பெயரை அச்சத்தோடு உச்சரிக்க நேர்ந்தது. பெயரில் இருந்த சாந்தம் பொறியைக் கட்டுப்படுத்தவில்லை.

பெயரிடுவோர் நூலறிஞராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. பார்த்து நின்ற மக்களும் பெயரிட்டனர். 1906இல் பரிஸ் நகரில் சாந்தோஸ் துமோன் பறக்கவிட்ட விமானத்தில் வாற்சிறகு இருக்கவேண்டிய உறுப்பு முன்னே நீண்டிருந்தது. கழுத்தை நீட்டிப் பறக்கும் தாராவைப் போல அது தோன்றியது. அவ்வகை விமானங்களுக்குப் பிரெஞ்சு மொழியில் தாராவைக் குறிக்கும் கனார் என்னும் பெயர் நிலைத்தது. நகைப்புக்காக எழுந்த அச்சொல் இன்று எல்லா நாட்டு எஞ்சினியரும் வழங்கும் கலைச்சொல்லாகிவிட்டது. முன்னே சிறுசிறகு உள்ள எவ்விமானமும், அது எத்துணை விரைவான போர் விமானமாயினும், தாரா அமைப்புடையது என்றே குறிக்கப்படுகின்றது.

இவற்றுக்கு மாறாக, பறவையின் இயல்பை நன்கு உணர்ந்து தேர்ந்தெடுத்த பெயர்களும் உள. ஜேர்மனியில் 1936இல் முதலிற் பறந்த பீசெலர் விமானத்துக்கு ஸ்டோர்ச், அதாவது நாரை, என்று பெயர். மிகக் குறுகிய நிலத்தில் இறங்கவும் எழவும் வல்லது அது. தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அதற்கு நீண்ட கால்கள் அமைந்திருந்தன. பறக்கும்போது அக்கால்கள் நாரையின் கால்களைப் போலவே தொங்கின. 1943 செப்ரெம்பர் 12ஆம் நாள் இத்தாலியின் கிரான் சாசோ மலையிற் சிறைவைக்கப்பட்டிருந்த முசோலினியை ஏற்றிக்கொண்டு, மலைச்சரிவிலிருந்த சிறு வெளியிலிருந்து எழுந்த விமானம் இந்நாரையே. லிலியந்தால் நாரையிடம் கற்ற பாடத்தின் பின், நாரையின் பெயர் இவ்வாறு விமானத்துக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் கிரமன் கம்பனி ஒரு வழமையைக் கைக்கொண்டது. கப்பற்றளத்திலிருந்து எழும் அதன் போர் விமானங்களுக்குப் பூனையினப் பெயர்கள். நீரிலும் நிலத்திலும் இறங்கும் அதன் விமானங்களுக்கோ நீர்ப்பறவைப் பெயர்கள். தாரா, வாத்து, விஜன், மலார்ட், அல்பற்றோஸ் என்று அவ்வரிசை வளர்ந்தது. பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே அது நீரில் இறங்கவல்லதா என்பதை ஒருவர் அறிந்துகொள்ளலாம். இவ்வாறு பெயரே ஒரு குறிப்பேடாகவும் பயன்பட்டது.

இவ்வகையிற் சிறந்த பெயர் கெஸ்ற்றல் என்பதாகலாம். கெஸ்ற்றல் ஒரு சிறு வல்லூறு. எதிர்காற்றில் தலையை அசைக்காது ஒரே இடத்தில் நின்று, கீழே புல்லில் ஓடும் எலியை நோக்கும் ஆற்றல் உடையது. பிரித்தானியாவின் ஹோக்கர் கம்பனி, ஓடுபாதை வேண்டாது நேராக மேலெழும் விமானம் ஒன்றை ஆக்கியது. 1960 ஒக்ரோபர் 21ஆம் நாள் அது கயிறுகளாற் பிணிக்கப்பட்ட நிலையில் முதன்முதலாக அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து வளர்ந்து 1964இற் பறந்த விமானத்துக்குக் கெஸ்ற்றல் என்றே பெயரிட்டனர். அதன் வழிவந்து 1969இல் விமானப்படையிற் சேர்ந்த விமானம் ஹரியர் என்னும் பெயரைப் பெற்றது. ஹரியரும் வல்லூறு போன்றதொரு வேட்டைப்பறவையே; நிலத்தையொட்டித் தாழப் பறந்து இரை தேடுவது. அவ்விமானத்தின் தொழிலும் அதுவே. பறவையையும் பொறியையும் ஒருங்கே அறிந்தவரால் இடப்பட்ட பெயர்கள் இவை.

விமானங்களுக்கு மட்டுமன்றி அவற்றின் எஞ்சின்களுக்கும் பறவைப் பெயர் வழங்கியது. றோல்ஸ் றோய்ஸ் கம்பனி முதலாம் உலகப்போர்க் காலம் தொட்டுக் கழுகு, பருந்து, வல்லூறு முதலிய வேட்டைப்பறவைகளின் பெயர்களைத் தன் எஞ்சின்களுக்குச் சூட்டியது. அவற்றுட் புகழ்பெற்றது மேர்லின். ஆங்கிலப் பழங்கதையில் வரும் மாயவித்தைக்காரரின் பெயரும் மேர்லின் ஆதலால், எஞ்சின் அவர் பெயரைத் தாங்கியது என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. மேர்லின் என்பது வல்லூறு இனத்துச் சிறியதொரு பறவை.

அம்மேர்லின் இலங்கையின் வானத்திலும் முழங்கியது. 1942 ஏப்பிரில் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. அவற்றுடன் கடற்படைக்குரிய புல்மர் விமானங்களும் எழுந்தன. இருவகைக்கும் எஞ்சின் மேர்லினே. புல்மர் என்பது வடகடலில் வாழும் ஒரு பறவையின் பெயர். பரந்த கடலின்மேல் நெடுநேரம் சோராது மிதப்பது அது. அவ்வியல்புக்கேற்பவே இருவர் அமரும் கனத்த விமானமாக, கடலில் நெடுந்தூரம் காவல் செய்வதற்கு அமைக்கப்பட்டிருந்தது புல்மர் விமானமும். கரையின்மேல் இலேசான சீரோ விமானங்களோடு சுழன்று போரிட நேர்ந்தபோது அதனால் ஈடுகொடுக்க இயலவில்லை. எழுந்தவற்றுட் பல வீழ்ந்தன. பெயர் பொருத்தமானதே, இட்ட பணிதான் பொருத்தமற்றது. கடற்பறவையை வல்லூறோடு மோதவிட்டால் விளைவது யாது என்பதை அன்று கொழும்பு கண்டது.

ஆசையினாலும் வேண்டுதலினாலும் எழுந்த பெயர்கள் மற்றொரு வகையின. 1927 மே 8ஆம் நாள் அதிகாலையில் பரிஸ் நகரின் லெ பூர்ஜே விமானத்தளத்திலிருந்து நன்ஜெசர், கோலி என்னும் பிரெஞ்சு விமானிகள் இருவர் நியூயோர்க்கை நோக்கிப் புறப்பட்டனர். இடையில் இறங்காது அத்திலாந்திக் கடலைக் கடப்பது அவர்கள் நோக்கம். வெண்ணிறம் தீட்டிய அவ்விமானத்தின் பெயர் வெள்ளைப் பறவை. பாரத்தைக் குறைக்கும் பொருட்டு எழுந்தவுடன் சக்கரங்களைக் கழற்றி வீசிவிட்டு, நீர்ப்பறவையைப் போல நியூயோர்க் துறைமுக நீரில் இறங்க அவர்கள் திட்டமிட்டனர். அவர்களுக்கு நேர்ந்தது யாது என்பது இன்றளவும் தெரியவில்லை. பன்னிரண்டு நாள்களின் பின் எதிர்த்திசையிற் புறப்பட்ட சார்ள்ஸ் லின்பேர்க் வெற்றி பெற்றார். அவர் விமானத்தின் பெயர் ஒரு நகரத்தின் பெயரை உடையது, பறவையின் பெயரன்று. வெற்றி பெற்ற பெயரை உலகம் அறியும். வெள்ளைப் பறவை என்னும் பெயரைப் பிரான்ஸ் இன்றும் துயரத்தோடு நினைவுகூருகின்றது.

ஏளனமாக இட்ட பெயரும் உண்டு. அமெரிக்கச் செல்வர் ஹவார்ட் ஹியூஸ் போர்க்காலத்திற் பெரும்பாலும் மரத்தாலேயே அமைத்த மாபெரும் நீர்விமானம், சிறகின் முனைக்கு முனை ஏறத்தாழ 97 மீற்றர் அகலமுடையது. எட்டு எஞ்சின்களைக் கொண்டது. அதற்கு அவர் இட்ட பெயர் ஹேர்க்குலிஸ். இது எழவே எழாது என்று எண்ணிய பத்திரிகைகள் அதனை ஸ்புறூஸ் மரத்து வாத்து என்று எள்ளின. அதில் மிகுதியும் இருந்தது பேர்ச் மரமே, ஸ்புறூஸ் மரமன்று. 1947 நவம்பர் 2ஆம் நாள் அது நீரிலிருந்து எழுந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் பறந்தது. பின்னர் ஒருபோதும் பறக்கவில்லை. ஹியூஸ் அப்பட்டப்பெயரைக் கேட்கவும் விரும்பார். ஆயினும் வரலாற்றில் நிலைத்தது வாத்தே, ஹேர்க்குலிஸ் அன்று.

மாதிரி விமானமும் பறவையும் பெயரும் ஒருங்கே கூடிய கதை ஒன்று உண்டு. அமெரிக்கரான போல் மக்கிரெடி 1925இற் பிறந்தவர். இளமையில் மாதிரி விமானங்களை ஆக்கிப் போட்டிகளிற் புகழ்பெற்றவர். 1956இல் மிதவை விமானப் போட்டியில் உலக வெற்றியாளரானவர். மனிதன் தன் உடல் வலிமையால் மட்டும் இயக்கும் விமானத்துக்கென ஹென்றி கிரேமர் என்பவர் பெரும்பரிசு ஒன்றை அறிவித்திருந்தார். 50,000 பவுண் வரை உயர்ந்த அப்பரிசைப் பல ஆண்டுகளாக எவரும் பெறவில்லை. 1976இல் ஒரு விடுமுறைப் பயணத்தின்போது மக்கிரெடி கழுகுகளும் பருந்துகளும் வட்டமிடுவதைக் கூர்ந்து நோக்கி, அவை வட்டமிட எடுக்கும் நேரத்தைக் கொண்டு அவற்றின் வேகத்தையும் சிறகின் பாரத்தையும் கணக்கிட்டார். சிறகை மிக அகலமாக்கி, எடையைக் கூட்டாது, மிக மெதுவாகப் பறந்தால் மனிதனின் கால்வலிமையே போதும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

அவர் ஆக்கிய பொறி ஒரு பெரிய மாதிரி விமானத்தைப் போலவே இருந்தது. மெல்லிய அலுமினியக் குழாய், பியானோக் கம்பி, ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஆகியவற்றால் ஆனது. சிறகு ஏறத்தாழ 29 மீற்றர். எடையோ ஏறத்தாழ 32 கிலோகிராம். அந்தீஸ் மலையில் அகன்ற சிறகை விரித்து மெதுவாக மிதக்கும் கொண்டோர்க் கழுகின் பெயரை அதற்கு இட்டார். சிலந்தியிழை போன்ற மென்மையைக் குறிக்கும் கொசமர் என்னும் சொல்லையும் முன்னே சேர்த்தார். 1977 ஓகஸ்ட் 23ஆம் நாள் பிறையன் அலன் என்னும் சைக்கிள் வீரர் மிதிக்க, கொசமர் கொண்டோர் எட்டு என்னும் எண்வடிவப் பாதையிற் பறந்து பரிசை வென்றது. அதன் சமன்சிறகு முன்னே நீண்டிருந்தது. ஆதலால் கொண்டோரின் பெயர் பூண்ட அப்பொறி, அமைப்பினால் ஒரு தாராவாகவும் இருந்தது.

அடுத்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்கவேண்டியிருந்தது. மலைப்பறவையின் பெயர் இனிப் பொருந்தாது. கடலின்மேல் நெடுந்தூரம் சிறகசையாது செல்லும் பறவையின் பெயரே வேண்டும். புதிய பொறிக்குக் கொசமர் அல்பற்றோஸ் என்று பெயரிட்டார். 1979 யூன் 12ஆம் நாள் அலன் அதனை 2 மணி 49 நிமிடம் மிதித்து, 35.8 கிலோமீற்றர் கடந்து பிரான்சின் கரையில் இறக்கினார். எதிர்க்காற்று வீசியது, குடிநீர் தீர்ந்தது, கால்கள் பிடித்துக்கொண்டன. 1856இல் லெ பிரி குதிரையைப் பூட்டி எழுப்ப முயன்ற அல்பற்றோஸ், 123 ஆண்டுகளின் பின் மனிதனின் கால்வலியாலேயே கடலைக் கடந்தது. பெயர் கொடுத்த வாக்கு இவ்வாறு நிறைவேறியது.

இனி, தூரிகையோடு காத்திருக்கும் சிறுவனுக்கு இவ்வரலாறு கூறும் அறிவுரை யாது? மூன்று கேள்விகளை அவன் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது: இப்பொறி எப்பறவையின் உருவை ஒத்திருக்கின்றது? சிறகு நீண்டு ஒடுங்கியதாயின் அல்பற்றோஸ். வால் பிளவுபட்டு உடல் சிறுத்ததாயின் தகைவிலான். கால் நீண்டதாயின் நாரை. சமன்சிறகு முன்னே இருந்தால் தாரா.

இரண்டாவது: இது எப்பறவையைப் போல இயங்குகின்றது? இக்கேள்விக்கு மேசையில் இருந்தபடி விடை காண இயலாது. கைவிட்டெறியும் மிதவை மாதிரி, வெயிலாற் சூடேறி மேலெழும் காற்றில் அகப்பட்டு வட்டமிட்டு உயருமாயின் அது பருந்து. ஓசையின்றி மாலைக்காற்றிற் சறுக்கி இறங்குமாயின் அது ஆந்தை. ஜேர்மனியிற் பல தலைமுறைச் சிறுவர் ஆக்கிப் பழகிய மிதவை மாதிரியொன்றுக்குச் சின்னக் கோட்டான் என்று பெயர். பெருவிரைவில் எழுந்து, சற்றே தடுமாறி, முகட்டில் முட்டுமாயின், றைற் சகோதரர் கண்டவாறு அது வௌவால். அவர்களைப் போல முதலிற் பறக்கவிட்டுப் பின்னர் பெயரிடுதலே தக்கது.

மூன்றாவது: இப்பெயரை முன்னர்த் தாங்கியவர் யாவர்? புறா என்று எழுதுபவன் 1911ஆம் ஆண்டையும், பருந்து என்று எழுதுபவன் 1899ஆம் ஆண்டையும், வெள்ளைப் பறவை என்று எழுதுபவன் 1927ஆம் ஆண்டையும் அறிந்திருத்தல் நன்று. அறிந்தமையால் அப்பெயரைக் கைவிடவேண்டும் என்பதில்லை. பில்ச்சர் இறந்தார் என்பதற்காகப் பருந்தின் பெயர் இழிவடைந்துவிடவில்லை. அவர் பறந்தார் என்பதால் அது உயர்வடைந்ததே உண்மை. புறாவின் பெயரும் அவ்வாறே. குண்டு வீசியது மனிதனின் கை; பறவை அதற்குப் பொறுப்பன்று. குண்டு சுமவாத, காகிதத்தாலும் பல்சா மரத்தாலும் ஆன ஒரு மாதிரி விமானத்திற் சிறுவன் ஒருவன் அப்பெயரை மீண்டும் எழுதினால், புறாவுக்குரிய பெயர் புறாவிடமே திரும்பிச் சேரும்.